என் போனில் வந்து சேர்ந்த மடிக்கணினி

சிங்கப்பூரில், பொங்கோலில் புது வீட்டுக்குக் குடிவந்தபோது எங்கள் வீட்டு இணையம் முழுவதும் என் கைப்பேசியிலிருந்துதான் ஓடியது. வீட்டுக்கு இணைப்புப் போட வேண்டியவர்கள் இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். நான் வீடுவீடாகப் போய்த் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறவள். பிள்ளைகளுக்குப் படமும் பயிற்சியும் காட்டுவதற்கு ஒரு டேப்லெட் எப்போதும் பையில் இருக்கும். அதற்காகவே டேட்டாவுக்கு வரம்பே இல்லாத திட்டம் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எத்தனை கருவிகளுக்கு வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம்.

பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கும் என் மகள்தான் என் போனின் ஹாட்ஸ்பாட்டை எப்போதும் திறந்தே இருக்கும்படி அமைத்துக் கொடுத்தாள். அதற்கு ‘அம்மா கடை’ என்று பெயரும் வைத்தாள். அவள் கணினி, அவளுடைய போன், என் கணவரின் சொந்த மடிக்கணினி, தொலைக்காட்சி எல்லாம் அந்தக் கடையில்தான் சேர்ந்திருந்தன. நான் குளிக்கப் போனால்கூட “அம்மா, போன வெளியில வச்சிட்டுப் போங்க” என்று குரல் வரும். நான் பாடம் நடத்தக் கிளம்பினால் வீடு இருண்டுவிட்டது போல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிறகு வீட்டுக்கு முறையான இணைப்பு வந்தது. எல்லாரும் அதற்கு மாறிக்கொண்டார்கள். ஆனால் என் ஹாட்ஸ்பாட் அவர்களுடைய கருவிகளை மறக்கவில்லை. அவையும் அதை மறக்கவில்லை.

என் கணவர் தஞ்சோங் பகாரில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே நிறுவனம். சரக்கு எந்தக் கப்பலில் போகிறது, எந்தத் துறைமுகத்தில் தங்கி நிற்கிறது என்று நாள் முழுக்கப் போனிலேயே பேசிக்கொண்டிருப்பார். காலையில் அவர் முதலில் கிளம்புவார். சட்டையை இஸ்திரி போட்டு நான் எடுத்து வைப்பேன். எங்கள் வீட்டில் மாறாத விஷயம் எது என்று யாராவது கேட்டிருந்தால் அவர் வேலை என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாரத்தில் சில நாள்கள் தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கில் தொடக்கநிலை ஆறு படிக்கும் ஒரு மாணவிக்கு நான் பாடம் எடுத்தேன். பாடத்துக்கு முன்னால் சந்தையின் உணவுக்கடைகள் இருக்கும் பகுதியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, அன்றைக்கு நடத்த வேண்டியதை டேப்லெட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது வழக்கம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மேசைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. பிரியாணிக் கடைகளில் அடிச்சட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்கும்.

அப்படி ஒரு நாள், கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வந்தது. ஹாட்ஸ்பாட்டில் இரண்டு கருவிகள் இணைந்திருக்கின்றன என்றது. ஒன்று என் டேப்லெட். இன்னொன்று எது என்று திறந்து பார்த்தேன். என் கணவரின் மடிக்கணினியின் பெயர் இருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வீட்டில் இருக்கும் கணினி எப்படி இங்கே வந்து சேரும் என்று போனைத்தான் சந்தேகப்பட்டேன். தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அந்தப் பெயர் மறைந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தேன். வெளிநாட்டுப் பயணிகள் இரண்டு பேர், தூங்கி வழியும் ஒரு முதியவர், தட்டுகளை அடுக்கும் பெண். தூண்களுக்குப் பின்னால் இருக்கும் மேசைகள் என் இடத்திலிருந்து தெரியாது. எழுந்து போய்ப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.

அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்.

“எங்க இருக்கீங்க?”

“ஆபிஸ்ல. ஏன்?”

“சும்மாதான்.”

அந்த ‘சும்மாதான்’ என்ற சொல்லை அனுப்பும்போதே எனக்குள் ஏதோ ஒன்று திரிந்துவிட்டது. ஹாட்ஸ்பாட் கூப்பிடு தூரத்துக்குத்தான் எட்டும்; அவர் பொய் சொன்னார் என்று தெரிந்துவிட்டது. பொய் என்று தெரிந்தும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அன்று சாயங்காலமே, “உங்க லேப்டாப் இன்னிக்கு தேக்காவுல என்ன பண்ணுச்சு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தால் எல்லாம் அப்போதே வெளியே வந்திருக்கும். கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குப் பதில் ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அவர் சில காலமாகவே மாறியிருந்தார். தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருந்தார். அதற்கு முன்பு, “நரைச்சா நரைச்சிட்டுப் போவுது” என்று சொன்ன மனிதர். இரண்டு புதுச் சட்டைகள் வாங்கியிருந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்திருந்தார். அது பையிலிருந்து விழுந்தபோது “ஆபிஸ்ல கேட்டாங்க” என்றார். அலுவலகம் கொடுத்த போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எண் வாங்கியிருந்தார். பேசும்போது அடிக்கடி பால்கனிக்குப் போய்விடுவார். இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. இல்லை, எந்தப் பெண்ணுக்கும் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கக்கூடாது. எனக்குத் தோன்றியது. அவருக்கு வேறு யாரோ இருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. போனை வலை போல் விரித்துக்கொண்டு திரிந்தேன். தேக்காவுக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே போய், கடைகளுக்கு இடையில் போனைக் கையில் பிடித்தபடி நடந்தேன். காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பார்ப்பது போல் நின்று திரையைப் பார்த்தேன். மேல்மாடித் துணிக்கடைகள் வரைக்கும் போய் வந்தேன். இரண்டு கருவிகள் என்று காட்டாதா என்று ஏங்கினேன். காட்டாத நாள்களில் நிம்மதி வரவில்லை, ஏமாற்றம்தான் வந்தது. கட்டிய புருஷனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை எனக்குள் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

கிளமெண்டியில் எனக்கு இன்னொரு மாணவி உண்டு. உயர்நிலை இரண்டு. அவள் வீடு இரண்டாவது மாடியில். ஒரு பிற்பகல் அவளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் காட்டியது. இரண்டு கருவிகள்.

“எழுதிக்கிட்டு இரும்மா, ஒரு கால் பேசிட்டு வந்துடறேன்” என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்து, நடைவழியின் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். எதிர்ப் புளோக்கின் கீழ்த்தளம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். சதுரங்கக் கட்டம் வரைந்த கல்மேசை ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் மடிக்கணினி. நான் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டை. பிளாஸ்டிக் பையிலிருந்து ரொட்டியை எடுத்து, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல், திரையைப் பார்த்தபடியே பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பெண் வருவாள் என்று காத்திருந்தேன்.

வெறும் ரொட்டி தின்னும் மனிதரைப் பார்த்து, பாவம், ஏன் இப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. மின்தூக்கிப் பக்கமிருந்து யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி தள்ளிக்கொண்டு ஒரு சீன மூதாட்டி போனார். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் போனார்கள். வேறு யாரும் வரவில்லை. மாணவி கதவருகில் வந்து “டீச்சர், எழுதி முடிச்சிட்டேன்” என்றாள். உள்ளே போனேன். அவள் கட்டுரையில் என்ன எழுதியிருந்தாள் என்று அன்று என் தலையில் ஏறவேயில்லை.

அதற்குப் பிறகுதான் தஞ்சோங் பகாருக்குப் போனேன். அலுவலகத்தில் விடுப்பு எடுத்துவிட்டு ஊர் சுற்றுகிறாரா, அந்தப் பெண் அங்கேயே வேலை பார்க்கிறவளா என்று தெரிந்துகொள்ளத்தான். ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும்போதே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். திரும்பவில்லை. மதிய நேரம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க எல்லாரும் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அலுவலகம் இருந்த கட்டடத்தின் வாசலில் யாரையோ எதிர்பார்ப்பது போல நின்றேன்.

“அக்கா! நீங்களா? இங்க என்ன பண்றீங்க?”

அவரோடு வேலை பார்த்த பெண். தமிழ் முஸ்லிம் குடும்பம். நோன்புப் பெருநாளுக்கு ஒருமுறை அவள் வீட்டுக்கு நாங்கள் போயிருக்கிறோம். என் சந்தேகப் பட்டியலில் அவளும் இருந்தாள் என்பதை எழுதும்போதே கை நிற்கிறது. அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்” என்றேன்.

“அண்ணன் எப்படி இருக்காரு? வேற எடம் கெடச்சிருச்சா?”

என் வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

“பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு.”

“கெடச்சிரும் அக்கா. அவர் அனுபவத்துக்குக் கெடைக்காம போவுமா? எங்க டிபார்ட்மெண்டையே மூடிட்டாங்க லா. என்னை மட்டும் வேற பக்கம் மாத்துனாங்க. அன்னிக்கு நாங்கல்லாம் அழுதுட்டோம். அண்ணன்தான் எங்களுக்கு ஆறுதல் சொன்னாரு. என் வைஃப்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவங்க ரொம்ப தைரியமா இருக்காங்க, அது போதும்னாரு. நான்கூட வீட்ல உங்களப் பத்திச் சொன்னேன் அக்கா.”

“ஆமாமா” என்றேன். “வேலைதானே. போனா இன்னொண்ணு.”

அவள் என்னைப் பாராட்டுவது போலப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டாள். நேரமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். எந்தப் பக்கம் நடக்கிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. வேலை போன செய்தி வந்து அடித்த அடியைவிட, இல்லாத ஒரு மனைவியை அவர் அங்கே உருவாக்கி விட்டுப் போயிருந்ததுதான் என்னைத் தாங்க முடியாமல் செய்தது. அவர் சொன்ன அந்தத் தைரியமான மனைவி, அதே நாள்களில் தேக்காவில் முருங்கைக்காய்க்குப் பின்னால் நின்று அவரை வேவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுச் செலவுப் பணம் எப்போதும் போல மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. வேலை போனபோது நிறுவனம் கொடுத்த ஈட்டுத்தொகையிலிருந்து அவர் சம்பளம் போலவே எடுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு எதுவும் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். “ரயில்ல கூட்டம்” என்றார். நான் தட்டில் சோறு போட்டேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார். அதைச் சொல்ல எனக்கு முகமில்லை. “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?” என்று மட்டும் கேட்டேன். அப்படியே ஒரு வாரம் போனது. அவர் அலுவலகத்துக்குப் போவது போலப் போனார். நான் அதை நம்புவது போல இருந்தேன்.

அடுத்த முறை தேக்காவில் போன் இரண்டு கருவிகள் என்று காட்டியபோது நான் எழுந்து தேடவில்லை. கையில் டீயை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த தடித்த தூணுக்கு அப்புறமிருந்து அவர் குரல் கேட்டது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. காணொளியில் வேலைக்கு நேர்காணல்.

கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். தன் அனுபவத்தைச் சொன்னார். எந்த மென்பொருள் தெரியும், எது தெரியாது என்று சொன்னார். கற்றுக்கொள்ளத் தயார் என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, “இல்லை, இல்லை, என்னைவிட இளையவருக்குக் கீழே வேலை பார்ப்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. யாருடைய காலிலோ விழுவது போன்ற சிரிப்பு. அதைக் கேட்டதற்காக எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நான் கேட்பதற்கானது இல்லை. யாரும் கேட்கக்கூடாது என்றுதான் அவர் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பாட நேரம் வந்துவிட்டது. எழுந்தால் என் போனும் என்னோடு வரும். அவர் படம் உறைந்துவிடும், குரல் அறுந்துவிடும். போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகவும் முடியாது. மாணவியின் அம்மா அழைத்தார்.

“டீச்சர், வந்துகிட்டு இருக்கீங்களா?”

வாயைக் கையால் மூடிக்கொண்டு தணிந்த குரலில், “சாரிமா, கொஞ்சம் லேட்டாவும். தேக்காலதான் இருக்கேன். இங்க ஒரு முக்கியமான வேலை, நடுவுல விட்டுட்டு வரமுடியாது” என்றேன்.

“பரவால்ல டீச்சர். அவ இன்னும் சாப்புட்டே முடிக்கல.”

டேப்லெட்டை அணைத்தேன். முழு லைனும் அவருக்கே போகட்டும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. போனை மேசையின் ஓரத்தில், தூண் பக்கமாக நகர்த்தி வைத்தேன். மேசை துடைக்க வந்த பெண்ணிடம் கையைக் காட்டி இன்னொரு டீ வாங்கப் போவதாகச் சைகை செய்துவிட்டு வாங்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரல் முடியும்வரை அந்த இடத்தை விட்டு நான் அசையவில்லை.

நன்றி, நன்றி என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு மடிக்கணினி மூடும் சத்தம். போனில் அந்தப் பெயர் மறைந்தது. எழுந்து போய்விடுவார், நானும் போய்விடுவேன், இன்னொரு வாரம் இப்படியே ஓடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தூணைச் சுற்றிக்கொண்டு அவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

இருவரும் மேசையைத்தான் பார்த்தோம்.

“பாடத்துக்குப் போகலையா?” என்றார்.

“லேட்டா வர்றேன்னு சொல்லிட்டேன்.”

“நீ கெளம்பிடுவியோன்னு பயந்துக்கிட்டேதான் பேசினேன். நடுவுல விட்டுட்டு வரமுடியாதுன்னு நீ போன்ல சொன்னது கேட்டுச்சு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு நான் அங்கே இருப்பது தெரியும். நிமிர்ந்து பார்த்தேன்.

“மொத நாள் தெரியாமதான் இங்க வந்து ஒக்காந்தேன்” என்றார். “லேப்டாப்பைத் தொறந்தா ‘அம்மா கடை’ன்னு அதுவா சேந்துடுச்சு. நீ பக்கத்துல இருக்கேன்னு தெரிஞ்சதும் தூக்கிக்கிட்டு ஓடிட்டேன். அப்புறம் யோசிச்சேன். என் போன்ல இருக்கிற பிளான் சின்னது. நாலு வேலைக்கு விண்ணப்பம் போட்டு, ஒரு வீடியோ கால் பேசினா தீந்துடுது. நூலகத்துல சத்தமா பேச முடியாது. உன்னோட லைனுக்குத்தான் அளவு கெடையாதே. உன் கிளாஸ் எங்கெங்கன்னு எனக்குத் தெரியும். அதான் அந்தந்த எடத்துக்கு வந்து, நீ பாக்காத மாதிரி ஒக்காந்துக்குவேன்.”

“கிளமெண்டியிலயும்?”

“கிளமெண்டியிலயும்தான்.” மடிக்கணினியைப் பைக்குள் வைத்தார். “உனக்கு எப்பத் தெரியும்?”

“போன வாரம். தஞ்சோங் பகாருக்குப் போயிருந்தேன்.”

“ஆபிஸுக்கா? எதுக்கு?”

கோப்பையின் அடியில் ஒட்டியிருந்த சீனியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவருக்கே விளங்கிவிட்டது.

“வேற யாராச்சும் இருக்காங்கன்னு நெனச்சியா?”

“தலைக்கு டை அடிச்சீங்க” என்றேன். “புதுச் சட்டை வாங்குனீங்க.”

“இண்டர்வியூக்கு லா.” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். “கேமராவுல நரைச்ச தலையப் பாத்தாலே பேச்ச சுருக்கிடுறாங்க.”

என் கண்ணில் நீர் வந்தது. பொது இடம். பக்கத்து மேசையில் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் துடைக்க நான் சேலைகூடக் கட்டியிருக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த டிஷ்யூவைக் கசக்கிக்கொண்டு, “என்கிட்ட சொல்லியிருக்கலாம்” என்றேன்.

“சொல்லலாம்னுதான் தெனமும் வருவேன். நீ சட்டைய இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருப்ப. அதப் பாத்ததும் வாய் வராது.”

அவர் வேலை போனதை மறைத்தார். நான் சந்தேகத்தை மறைத்தேன். இரண்டையும் எடை போட்டுப் பார்த்தால் எது கனம் என்று அந்த மேசையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது என் லைனுக்காகத்தான் என்றாலும், என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான்தான் அவரைத் திருடனைத் தேடுவது போலத் தேடியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே மகளிடம் சொன்னோம். “அப்பா, உங்க ரெஸ்யூமேயக் காட்டுங்க, பழைய மாதிரி இருக்கும்” என்று வாங்கிப்போய்த் திருத்திக் கொடுத்தாள். அந்த நேர்காணலில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பின் போனவற்றிலும் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டிலேயே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஒருநாள் தானாகவே பேருந்து ஓட்டுநர் பயிற்சிக்குப் பதிவு செய்துவிட்டு வந்து சொன்னார். “உக்காந்து உக்காந்து போன்ல கப்பலத் தேடினது போதும். இனிமே நானே ஓட்டறேன்.” பயிற்சி கடினமாகத்தான் இருந்தது. ஒருமுறை தேர்வில் தோற்றார். மறுபடி எழுதினார். இப்போது சீருடை போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லாத ஒரு முனையத்திலிருந்து பேருந்து எடுக்கிறார். முதல் சம்பளத்தில் தன் பெயரில் வரம்பில்லாத டேட்டா திட்டம் ஒன்று எடுத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். போன மாதம் என் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில். பந்தியில் என் அத்தை மகன் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருப்பவர். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என் கணவரிடம் கேட்டார்.

“நீங்க இன்னும் அதே ஷிப்பிங் கம்பெனிதானா அண்ணே?”

“இல்லல்ல” என்றார் என் கணவர், சாதாரணமாக. “பஸ் ஓட்டறேன்.”

நான் குனிந்து இலையைப் பார்த்தேன். யாரும் சொல்லி அல்ல, தானாகவே என் தலை குனிந்துவிட்டது. ஒரு நொடிதான். உடனே நிமிர்ந்து, “நல்ல வேலை, நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடறாரு” என்று சத்தமாகச் சொன்னேன். அத்தை மகன், “ஓ, அப்படியா, எந்த ரூட்?” என்று ஆர்வமாகவே கேட்டார். அவர்கள் இருவரும் பேருந்து வழித்தடங்களைப் பற்றியும் மின்சாரப் பேருந்துகளைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை மகனுக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. என் கணவருக்கும் தெரியவில்லை. அந்தப் பந்தியில் எனக்கு மட்டும்தான்.

ரயிலில் திரும்பி வரும்போது இடம் கிடைத்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

“பாயசம் கொஞ்சம் தித்திப்பு கூட, இல்ல?” என்றார் அவர்.

பந்தியில் என் தலை குனிந்ததை அவர் பார்த்தார். பார்த்தார் என்று எனக்குத் தெரியும். “ஆமா” என்றேன். எங்கள் நிலையம் வந்ததும் இறங்கி, அவருக்கு ஓரடி பின்னால் நடந்து வீட்டுக்குப் போனேன்.